நூலுக்கு வாசல் வைத்த கதை



பரிசளிப்பு விழா என்பது நம் பிள்ளைகளின் கைக்குப் புத்தகங்கள் வந்து சேரும் நன்னாள். பரிசு வாங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதலில் அட்டையைத் தடவிப் பார்க்கும். பிறகு படம் இருக்கிறதா என்று புரட்டும். புரட்டும்போது சில பக்கங்களில் அதன் கை தானாக நிற்கும். அந்தப் பக்கங்களில் மேலே நிறைய இடம் விட்டிருப்பார்கள். 'அத்தியாயம் 1' என்றோ 'பாடம் 3' என்றோ பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே ஒரு தலைப்பையும் கொடுத்திருப்பார்கள். அதற்கும் கீழேதான் கதை தொடங்கும். இதைத்தான் அத்தியாயத் தொடக்கப் பக்கம் என்கிறோம். வீட்டுக்கு வாசல் எப்படியோ, நூலுக்கு இந்தப் பக்கம் அப்படி.

"என்ன வாத்தியாரே, புத்தகத்துல விஷயம் இருந்தா போதாதா? முதல் பக்கம் எப்படி இருந்தா என்ன?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் பாடுபட்டு, மாலையில் குளித்துச் சாப்பிட்ட பிறகு ஒருவர் ஒரு நூலைக் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரால் முந்நூறு பக்கத்தையும் ஒரே மூச்சில் படிக்க முடியுமா? இன்று ஓர் அத்தியாயம், நாளை ஓர் அத்தியாயம் என்றுதான் படிப்பார். எங்கே நிறுத்தலாம், நாளைக்கு எங்கே தொடங்கலாம் என்று அவருக்குக் காட்டுவது இந்த வாசல்தான். வாசல் இல்லாத நூல் முழுநேரமும் ஓய்வாக இருப்பவனுக்கு மட்டுமே உரியது. வாசல் வைத்த நூல் உழைப்பாளிக்கும் உரியது. ஆகவே இந்தச் சிறிய பக்கத்துக்கும் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதைச் சுருக்கமாகக் காண்போம்.

ஓலையில் வாசல்

நம் முன்னோர் பனை ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினார்கள். ஓலை நீளமானது, அகலம் குறைந்தது. அதில் பக்கத்தின் பாதியைக் காலியாக விட்டு அழகு பார்க்க வழியில்லை. ஓலையைப் பதப்படுத்துவதும் அதில் கீறுவதும் கடினமான வேலை. ஆகவே சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கூட விடாமல் நெருக்கி எழுதினார்கள். ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையும் பெரும்பாலும் இடுவதில்லை.

இப்படி நெருக்கி எழுதினாலும் நூலைப் பிரிக்க அவர்கள் மறக்கவில்லை. தொல்காப்பியத்தில் 3 அதிகாரங்கள், ஒவ்வோர் அதிகாரத்துக்கும் 9 இயல்கள். திருக்குறளில் 133 அதிகாரங்கள். சிலப்பதிகாரத்தில் 3 காண்டங்கள், 30 காதைகள். சீவக சிந்தாமணியில் 13 இலம்பகங்கள். கம்பராமாயணத்தில் 6 காண்டங்கள், அவற்றுக்குள் படலங்கள். அதிகாரம், இயல், காதை, இலம்பகம், படலம் என்று நம் மொழியில் எத்தனை பெயர்கள் பாருங்கள்! ஏட்டின் தொடக்கத்தில் பிள்ளையார் சுழி இருக்கும், 'குரு வாழ்க, குருவே துணை' என்ற வாழ்த்து இருக்கும். முடிவில் 'முற்றிற்று' என்று இருக்கும். கண்ணுக்கு வாசல் தெரியாவிட்டாலும், பாடம் சொல்லிக் கொடுத்த ஆசான் குரலால் வாசலைக் காட்டினார். ஆசான் இல்லாமல் ஏட்டைப் பிரிப்பவனுக்கு மட்டும் அது அடர்ந்த காடாக இருந்தது.

கன்றுத் தோலும் சிவப்பு மையும்

ஐரோப்பாவில் ஓலை கிடையாது. கன்று, ஆடு ஆகியவற்றின் தோலைப் பதப்படுத்தி அதில் எழுதினார்கள். தோல் அகலமானது. எனவே அங்கே தொடக்கப் பக்கம் கண்ணுக்கு விருந்தாக வளர்ந்தது. ஏறக்குறைய கி.பி. 700-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைத் தீவு ஒன்றில் எழுதப்பட்ட லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலில், ஒவ்வொரு நற்செய்தி தொடங்கும் முன்னும் ஒரு பக்கம் முழுவதும் கம்பளம் விரித்தாற்போல் பின்னல் ஓவியம் இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தில் முதற்சொற்கள் பெரிது பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய கி.பி. 800-இல் எழுதப்பட்டு, இன்று டப்ளின் நகரிலுள்ள திரித்துவக் கல்லூரியில் காக்கப்படும் கெல்ஸ் நூலில் ஒரு சில சொற்களே ஒரு முழுப் பக்கத்தையும் நிரப்பியிருக்கின்றன.

பின்வந்த காலத்தில் இவ்வேலையைப் பலர் பங்கிட்டுக் கொண்டார்கள். எழுத்தர் கறுப்பு மையால் உரையை எழுதுவார். அத்தியாயத் தலைப்புக்கும் முதல் எழுத்துக்கும் இடம் விட்டுவிடுவார். அங்கே என்ன எழுத்து வரவேண்டும் என்பதை ஓரத்தில் மிகச் சிறியதாகக் குறித்து வைப்பார். அடுத்து சிவப்பு மைக்காரர் வந்து தலைப்பை எழுதுவார். கடைசியில் ஓவியர் வந்து முதல் எழுத்தைப் பூவும் கொடியுமாக வரைந்து பொன் பூசுவார். ஒரு வாசலுக்கு மூன்று பேர் உழைப்பு! பணம் படைத்த மடங்களும் அரசர்களும்தாம் இத்தகைய நூல்களை வைத்திருக்க முடிந்தது.

இன்று விவிலியத்தில் நாம் காணும் அதிகாரப் பிரிவுகளை 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தவர் ஸ்டீபன் லாங்டன் என்பார்கள். பாரிஸ் நகரில் ஆசிரியராக இருந்து, பின்னர் கேன்டர்பரி பேராயர் ஆனவர் அவர். பல நாட்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் உட்காரும்போது, "எந்த இடத்தைப் படிக்கிறோம்?" என்று எல்லாரும் ஒரே பக்கத்துக்கு வரவேண்டும் அல்லவா? அதற்கு அதிகார எண் உதவியது. அத்தியாயத்துக்கும் வகுப்பறைக்கும் அக்காலத்திலேயே உறவு உண்டு.

இந்தக் கலை ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமல்ல. நம் மலேசிய நாட்டின் கிழக்குக் கரையில், திரங்கானுவில் எழுதப்பட்ட பழைய குர்ஆன் கையெழுத்துப் பிரதிகளைக் காண்பவர்கள் வியந்து போவார்கள். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும், எதிரெதிராக உள்ள இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரே வேலைப்பாடாகச் சட்டமிட்டு, பொன்னும் வண்ணமும் தீட்டியிருக்கிறார்கள்.

கூட்டன்பர்க் விட்டுச் சென்ற காலியிடம்

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யோகான் கூட்டன்பர்க் ஏறக்குறைய 1455-இல் விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். ஒரு பத்திக்கு 42 வரிகள். மொத்தம் ஏறக்குறைய 180 பிரதிகள். உலக வரலாற்றையே மாற்றிய வேலை அது. ஆனால் அவரும் வாசலில்தான் தடுமாறினார்.

தொடக்கத்தில் சில பக்கங்களில் தலைப்பைச் சிவப்பு மையால் அவர் அச்சிட்டுப் பார்த்தார். ஒரே தாளை இருமுறை அச்சு இயந்திரத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. வேலை இரட்டிப்பானது. ஆகவே அதைக் கைவிட்டார். பழைய எழுத்தர்கள் செய்ததைப் போலவே தலைப்புக்கும் முதல் எழுத்துக்கும் இடத்தைக் காலியாக விட்டார். அந்த இடத்தில் என்ன எழுதவேண்டும் என்பதைத் தனி அச்சுத் தாள்களில் பட்டியலாகக் கொடுத்தார். நூலை வாங்கியவர் தம் செலவில் ஒரு சிவப்பு மைக்காரரையும் ஓவியரையும் பிடித்து அதை நிரப்பிக்கொள்ள வேண்டும். பணம் உள்ளவர் பொன் பூசிக்கொண்டார். மற்றவர் சிவப்பிலும் நீலத்திலும் எழுதி முடித்துக்கொண்டார். அக்காலத்தில் அச்சான நூல்கள் சிலவற்றில் அந்த இடம் இன்றைக்கும் காலியாகவே கிடக்கிறது. உரை எல்லாருக்கும் ஒன்றாகக் கிடைத்தது. வாசல் மட்டும் அவரவர் பணப்பையைப் பொறுத்து அமைந்தது.

கூட்டன்பர்க்குக்குப் பணம் கடன் கொடுத்த ஃபுஸ்ட் என்பவரும், ஷோஃபர் என்ற கைதேர்ந்த அச்சரும் சேர்ந்து 1457-இல் ஒரு சங்கீத நூலை அச்சிட்டார்கள். அதில் பூ வேலைப்பாட்டுக்கு ஒரு துண்டு, எழுத்துக்கு ஒரு துண்டு என உலோகத்தில் தனித்தனியாகச் செய்து, வெவ்வேறு மை தடவி, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி ஒரே அழுத்தில் அச்சிட்டார்கள். மிக அழகான வேலை. ஆனால் மிகவும் பொறுமை வேண்டிய வேலை. ஆகையால் அது பரவலாகவில்லை.

வழி காட்டியவர் எர்ஹார்ட் ராட்டோல்ட். ஜெர்மனியில் பிறந்து வெனிஸ் நகரில் அச்சகம் நடத்தியவர். 1482-இல் யூக்ளிடின் வடிவியல் நூலை முதன்முதலில் அச்சேற்றியவர் இவரே. மரக்கட்டையில் பூங்கொடிகளைச் செதுக்கி முதல் பக்கத்துக்குக் கரையாக வைத்தார். முதல் எழுத்துகளையும் கட்டையில் செதுக்கி உரையோடு சேர்த்தே அச்சிட்டார். இதனால் ஓவியரைத் தேடிப் போகவேண்டிய வேலை குறைந்தது. ஒருமுறை செதுக்கிய கட்டை நூறு நூல்களுக்கு உதவியது. ஏழைப் புலவனுக்கும் பணக்காரப் பிரபுவுக்கும் ஒரே வாசல் கிடைத்தது.

காலியிடமும் ஈயம்தான்

மாணவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய அச்சகங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார்கள். தாளில் வெள்ளையாகத் தெரிகிற இடத்திலும் ஈயத் துண்டுகள் இருக்கும். அவை எழுத்தைவிட உயரம் குறைந்தவை. ஆகவே மை படாது. ஒரு தொடக்கப் பக்கத்தின் மேற்பாதியைக் காலியாக விடவேண்டுமானால், அச்சுக்கோப்பவர் அந்த இடம் முழுவதையும் ஈயத்தாலும் கட்டையாலும் அடைக்க வேண்டும். 'ஒன்றுமில்லாத' இடத்துக்கும் உழைப்பு உண்டு, எடை உண்டு.

காகிதச் செலவும் உண்டு. ஒவ்வோர் அத்தியாயத்தையும் வலப்பக்கத்திலேயே தொடங்கவேண்டும் என்று வைத்தால், இடையில் பல பக்கங்கள் வெறுமையாகப் போகும். மலிவு விலை நூல் போடுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே ஓர் அத்தியாயம் முடிந்த இடத்திலேயே ஒரு கோடு போட்டு, அடுத்ததைத் தொடங்கினார்கள்.

இதற்கு எதிர்த்துருவம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்பவர் 1891-இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். இயந்திர நூல்கள் அழகு கெட்டுப் போயின என்று வருந்தி, எழுத்து, கரை, முதல் எழுத்து எல்லாவற்றையும் தாமே வரைந்தார். 1896-இல் வெளிவந்த அவருடைய சாசர் நூலில் 87 படங்கள். தாளில் 425 பிரதிகள், தோலில் 13 பிரதிகள். தாள் பிரதியின் விலை அக்காலத்திலேயே 20 பவுன்! மாரிஸ் தொழிலாளர் உரிமைக்காக மேடையேறிப் பேசிய சமதர்மவாதி. ஆனால் அவர் செய்த நூலை எந்தத் தொழிலாளியும் வாங்க முடியவில்லை. அழகான வாசல் என்றால் விலை உயர்ந்த வாசல்தான் என்ற நிலை நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் முழுமையாக மாறவில்லை.

தமிழ் அச்சில்

இந்திய மொழிகளில் முதன்முதலில் அந்தந்த மொழியின் எழுத்தில் அச்சான நூல் தமிழ் நூலே என்பது நமக்குப் பெருமை. போர்த்துக்கீசியப் பாதிரியார் என்றிக்கே என்றீக்கசு 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே கொண்டது. பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நடத்தினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. காகிதம் போதவில்லை. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். காகிதத்துக்கே தட்டுப்பாடு இருக்கும்போது தொடக்கப் பக்கத்துக்குத் தாராளமாக இடம் விடுவது எப்படி?

இந்தியர்கள் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் 1835-இல் நீங்கின. அதன் பிறகு தமிழ் நூல்கள் பெருகின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவி, பிள்ளைகளுக்குப் பாலபாட நூல்களை வெளியிட்டார். உரைநடையில் நிறுத்தற் குறிகளைப் பரப்பினார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தார். ஏட்டில் பாட்டும் உரையும் ஒன்றோடொன்று கலந்து ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து, தலைப்பிட்டு, எண்ணிட்டு, அகராதி சேர்த்து, ஆசான் இல்லாதவனும் நுழையும்படி வாசல் வைத்தவர் அவர்.

பிறகு வார இதழ்களின் காலம் வந்தது. தமிழில் தலைப்புக்கு ஏற்ற வகைவகையான பெரிய அச்செழுத்துகள் கிடைப்பது அரிது. ஆகவே தொடர்கதைகளின் தலைப்பை ஓவியர்களே தூரிகையால் எழுதினார்கள். அதைத் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' எடுத்து அச்சிட்டார்கள். 1950-இல் தொடங்கி 1954 வரை 'கல்கி' இதழில் வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த படங்களுக்காகவே வாரம்தோறும் காத்திருந்தவர்கள் உண்டு. நம் தோட்டங்களிலும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது.

ஒரு பேராசிரியரின் மனக்குறை

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினித் துறைப் பேராசிரியராக இருந்தவர் டொனால்ட் நூத். இவருடைய தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். சிறிய அச்சகம் ஒன்றையும் நடத்தியவர். நூத் எழுதிய 'கணினி நிரலாக்கக் கலை' என்ற பெருநூலின் முதல் தொகுதி 1968-இல் ஈய எழுத்தில் அழகாக அச்சாகி வந்தது. 1977-இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு மாதிரித் தாள்கள் வந்தன. அதற்குள் அச்சுலகம் ஈயத்தை விட்டு ஒளிப்பட அச்சுக்கோப்புக்கு மாறியிருந்தது. எழுத்துகள் அழகிழந்து நின்றன. தம் நூல் இப்படியா வரவேண்டும் என்று அவர் மனம் நொந்தார்.

நொந்ததோடு நிற்கவில்லை. கணினியைக் கொண்டே அச்சுக்கோக்கும் முறை ஒன்றைத் தாமே உருவாக்கத் துணிந்தார். அதற்கு 'டெக்' என்று பெயரிட்டார். ஏறக்குறைய ஓராண்டில் முடியும் என்று நினைத்த வேலை, ஏறக்குறைய பத்தாண்டுகளை விழுங்கிவிட்டது. 1986-இல் அதை விளக்கும் ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. 'டெக்' முறையை அவர் யாரிடமும் விலை கேட்கவில்லை. உலகத்தார் எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். தம் நூலில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2 டாலர் 56 காசுக்கு ஒரு காசோலை அனுப்பினார். பலர் அதை வங்கியில் மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள்! 'டெக்' முறையைத் திருத்தும்போதெல்லாம் அதன் பதிப்பு எண் 'பை' என்ற கணித எண்ணை நெருங்குகிறது. 2021-இல் வந்த பதிப்பின் எண் 3.141592653.

'டெக்' முறையைக் கற்பிக்க அவர் எழுதிய நூலிலும் ஒவ்வோர் அத்தியாய வாசலிலும் ஒரு சிங்கம் வருகிறது. டுவேன் பிபி என்ற ஓவியர் வரைந்தது. ஓர் அத்தியாயத்தில் படிக்கும், இன்னொன்றில் வேலை செய்யும். கடினமான பாடத்துக்குள் நுழைபவனைச் சிரிக்க வைத்து அழைத்துப் போகும் நல்ல வாசல் அது.

விதி ஒன்று, வாசல் பல

'டெக்' மிக நுட்பமானது. எல்லாரும் எளிதில் கையாள, லெஸ்லி லாம்போர்ட் என்ற அறிஞர் 1980-களின் தொடக்கத்தில் அதன்மேல் 'லாடெக்' என்ற முறையைக் கட்டினார். அதன் விளக்க நூல் 1986-இல் வந்தது. நம் வாசலின் கதையில் பெரிய திருப்பம் இங்கேதான்.

லாடெக்கில் நூல் எழுதுபவர் 'இவ்விடத்தில் அத்தியாயம், தலைப்பு இது' என்று ஒரு வரி எழுதினால் போதும். எவ்வளவு இடம் விடுவது, எவ்வளவு பெரிய எழுத்து என்பவற்றை வேறோர் இடத்தில் விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நூல் வகைக்கு வழக்கமாக உள்ள விதி இது: புதிய வலப்பக்கத்தில் தொடங்கு. மேலே 50 புள்ளி இடம் விடு (72 புள்ளிக்குச் சற்று மேல் சேர்ந்தால் ஓர் அங்குலம்). 'அத்தியாயம்' என்ற சொல்லையும் எண்ணையும் பெரிதாகப் போடு. 20 புள்ளி விடு. தலைப்பை அதைவிடப் பெரிதாகப் போடு. 40 புள்ளி விட்டு உரையைத் தொடங்கு. பக்க எண்ணை மட்டும் கீழே போடு, மேலே ஓடும் தலைப்பு வேண்டாம். அத்தியாய எண்ணையும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். நடுவில் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தால் பின்னால் உள்ள எண்களும் பொருளடக்கமும் தாமாகத் திருந்திவிடும்.

இந்த வாசல் பிடிக்கவில்லையா? விதியை ஒருமுறை மாற்றி எழுதினால் போதும், பன்னிரண்டு அத்தியாயத்துக்கும் பன்னிரண்டு வாசலும் ஒன்றாக மாறும். அச்சுக்கோப்பவர் பன்னிரண்டு முறை ஈயம் அடைக்க வேண்டியதில்லை. பிறர் செய்து இலவசமாகக் கொடுத்த துணைக் கருவிகளும் உண்டு. தலைப்பை மாற்றியமைக்க 'டைட்டில்செக்', முதல் எழுத்தைப் பெரிதாக்க 'லெட்ரின்', பலவகை வாசல்களைத் தயாராக வைத்திருக்கும் 'மெமுவார்' ஆகியவை அவற்றுட் சில.

நுட்பங்கள் இரண்டு சொல்கிறேன். பக்கத்தின் உச்சியில் நாம் விடும் இடத்தை, வேண்டாத இடம் என்று எண்ணி இயந்திரம் விழுங்கிவிடும். 'இதை விழுங்காதே' என்று சொல்ல ஒரு நட்சத்திரக் குறி சேர்க்க வேண்டும். இன்னொன்று, முன்னுரைக்கு எண் வேண்டாம் என்று சொன்னால் அது பொருளடக்கத்திலும் சேராது. நாமேதான் ஒரு வரி எழுதிச் சேர்க்க வேண்டும்.

இடைவெளி பக்கத்துக்கு ஏற்ப நீளவும் சுருங்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்கு லாம்போர்ட் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'ரப்பர் நீளம்'! ரப்பர் மரத்தோடு வாழ்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழுக்கு ஏற்ற வாசல்

இங்கே நாம் விழிப்பாக இருக்க வேண்டும். மேலே சொன்ன விதிகள் ஆங்கில எழுத்தை நினைத்து எழுதப்பட்டவை. அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழுக்குப் பொருந்தாது.

முதலாவது, பெரிய முதல் எழுத்து. ஆங்கிலத்தில் தலையெழுத்து என்று தனியாக உண்டு, தமிழில் இல்லை. 'கோழி' என்று அத்தியாயம் தொடங்கினால் 'கோ' முழுவதும் ஓர் எழுத்து. க, அதன் இருபுறமும் இரட்டைக் கொம்பும் காலும். கணினி தன் கணக்கில் இதை 'க' ஒன்று, குறி ஒன்று என இரண்டாக வைத்திருக்கிறது. விவரம் தெரியாமல் 'முதல் எழுத்தைப் பெரிதாக்கு' என்றால், 'க' மட்டும் யானையாகி, குறி எறும்பாகப் பின்னால் தனித்து நிற்கும். உயிர்மெய்யை உடைக்காமல் முழு எழுத்தையும் நாமே அடைப்புக்குள் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, வரி இடைவெளி. 'கி', 'கீ' முதலியவற்றின் சுழி மேலே ஏறும். 'கு', 'ழு', 'ஞ' கீழே இறங்கும். தலைப்பு இரண்டு வரியானால், மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் மோதும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியைத் தமிழ்த் தலைப்புக்குக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, சொல்லின் நீளம். 'தொழிற்சங்கங்களின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று ஒரு தலைப்பு இருந்தால், 25 புள்ளி எழுத்தில் அது பக்கத்தைத் தாண்டிப் போகும். ஆகவே வாசலை அமைப்பவர் மிக நீளமான தலைப்பை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். சின்னத் தலைப்புக்கு அழகாக இருக்கும் வாசல் பெரிய தலைப்புக்கு இடிந்துவிடக்கூடாது.

நான்காவது, பெயர். 'அத்தியாயம்' என்றே போட வேண்டும் என்பதில்லை. இயல், படலம், காதை, பாடம் என எது நூலுக்குப் பொருந்துமோ அதை விதியில் ஒருமுறை எழுதினால் எல்லா வாசலிலும் வரும். எண்ணையும் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணாக இடலாம்.

இவையெல்லாம் முடியக்கூடிய காரியங்களே. 1985 முதல் 'முரசு அஞ்சல்' மென்பொருளை வளர்த்து, கணினியில் தமிழை நிலைநிறுத்தப் பாடுபட்ட முத்து நெடுமாறன் நம் மலேசிய மண்ணைச் சேர்ந்தவரே. 1991-இல் வெளிவந்த யூனிகோட் என்ற உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. 2004-இல் ஜோனதன் கியூ என்பவர் 'சீடெக்' என்ற முறையை வெளியிட்டார். அதன்பின் யூனிகோட் தமிழை நேரடியாகத் தட்டச்சு செய்தே டெக் முறையில் நூல் அமைக்க வழி பிறந்தது. இதுவும் இலவசம்தான்.

முடிவுரை

இந்த வரலாற்றில் நாம் கண்டது என்ன? எழுத்தர், சிவப்பு மைக்காரர், ஓவியர் என மூவர் செய்த வேலை அச்சகத்துக்குப் போயிற்று. அச்சகத்தில் ஈயமும் கட்டையும் காகிதமும் செலவாயின. பணம் இருந்த இடத்தில் பொன் வாசல், பணம் இல்லாத இடத்தில் வெறுங்கோடு. இன்று பொன்னும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். வேண்டியது ஒரு கணினி, கொஞ்சம் படிப்பு, நிறையப் பொறுமை. நம் தோட்டத்துப் பிள்ளை அமைக்கிற வாசலும் உலகத்துப் பெரிய பதிப்பகம் அமைக்கிற வாசலும் சமமாக நிற்கக்கூடிய காலம் இது.

ஆனால் கருவி இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பூவும் கோடுமாக எல்லாவற்றையும் அள்ளிப் போடக்கூடாது. வாசல் உள்ளே போவதற்குத்தான், வாசலிலேயே நின்றுவிடுவதற்கு அல்ல. வருகிறவர் யார், அவர் எவ்வளவு களைப்போடு வருகிறார், எந்த இடத்தில் இளைப்பாறுவார் என்று நினைத்துப் பார்த்து இடம் விடவேண்டும். எழுத்தாணி பிடித்த கைக்கும் ஈயம் கோத்த கைக்கும் கணினி தட்டும் கைக்கும் இந்த அக்கறை பொதுவானது.

மாணவ மணிகளே! இன்று கையில் வாங்கும் பரிசு நூலில் ஒவ்வொரு தொடக்கப் பக்கத்தையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், எண் எங்கே இருக்கிறது, தலைப்பு எப்படி மடிகிறது என்று கவனியுங்கள். வீட்டில் ஒரு தாளை எடுத்து, உங்கள் தோட்டத்தின் வரலாற்றுக்கு ஒரு முதல் பக்கம் வரைந்து பாருங்கள். பெற்றோர்களே! பிள்ளை அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டும்போது, "இது எதுக்கு?" என்று கேட்காமல், "உள்ளே என்ன எழுதப் போறே?" என்று கேளுங்கள். இந்தத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் கதை இன்னும் நூலாக வரவேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அதற்கு நம் பிள்ளைகளே வாசல் வைக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!